லண்டனில் பழைய டீசல் 'லேண்ட் ரோவர்' ஓட்ட நாளொன்றுக்கு 12.50 பவுண்டு: விதிகள் கூறுவது என்ன?

லண்டன்: 1980-ம் ஆண்டில் தயாரான டீசல் லேண்ட் ரோவர் ஒன்று, உரிய பதிவு இருப்பின், லண்டன் மாநகரில் மாசுக் கட்டணம் ஏதுமின்றிச் செல்லலாம். 2015-ல் தயாரான 'டிஃபெண்டர்' டீசல் வாகனத்தின் உரிமையாளரோ, அதனை இயக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு செலுத்த வேண்டும். பழைய டீசல் ஜீப் வைத்திருப்போரைக் குழப்பும் இந்த முரண்பாட்டின் பின்னணி வருமாறு:

யூலெஸ் என்பது என்ன?

மிகக் குறைந்த மாசு மண்டலம் எனப்படும் 'யூலெஸ்' திட்டம், 2019 ஏப்ரல் 8-ம் தேதி மத்திய லண்டனில் நடைமுறைக்கு வந்தது. 2021 அக்டோபரில் விரிவுபடுத்தப்பட்டு, 2023 ஆகஸ்ட் 29 முதல் மாநகரம் முழுவதையும் உள்ளடக்கியது. கிறிஸ்துமஸ் நாளைத் தவிர ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் இது அமலில் உள்ளது.

டீசல் கார்கள் யூரோ-6 தரநிலையை எட்டியிருக்க வேண்டும். பொதுவாக 2015 செப்டம்பருக்குப் பின்னர் பதிவான கார்கள் இத்தகுதியைப் பெறும். பெட்ரோல் கார்களுக்கு யூரோ-4 போதுமானது. பயணிகள் கார்களுக்கான யூரோ-5 விதி, டீசல் வாகனம் ஒரு கிலோமீட்டருக்கு 180 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு வெளியிட அனுமதித்தது. யூரோ-6 அதனை 80 மில்லிகிராமாகக் குறைத்தது.

டிஃபெண்டருக்கு ஏன் சிக்கல்?

1948-ல் அறிமுகமான லேண்ட் ரோவரின் நேரடி வாரிசான பழைய டிஃபெண்டரின் உற்பத்தி, 2016 ஜனவரி 29-ம் தேதி சோலிஹல் ஆலையில் முடிவுக்கு வந்தது. இறுதிக்காலத்தில் பொருத்தப்பட்ட 2.2 லிட்டர் டீசல் என்ஜினும் யூரோ-5 தரநிலையைக் கொண்டதே. ஆகவே உற்பத்தியின் கடைசி ஆண்டுகளில் வெளிவந்த டீசல் டிஃபெண்டர்களுக்கும் கட்டணம் உண்டு. சோலிஹலை ஒட்டியுள்ள பர்மிங்காம் நகரின் மையப்பகுதியிலும் 2021 முதல் இத்தகைய கார்களுக்கு நாளொன்றுக்கு 8 பவுண்டு வசூலிக்கப்படுகிறது. லேண்ட் ரோவர் நிறுவனம் 2008 முதல் இந்தியாவின் டாடா மோட்டார்ஸ் வசம் உள்ளது.

செலவு எவ்வளவு?

ஆண்டுக்கு 250 நாள்கள் லண்டனில் வாகனம் ஓட்டுபவர் 3,125 பவுண்டு செலுத்த நேரிடும். பயணம் செய்த நாளுக்குப் பின் மூன்றாவது நாள் நள்ளிரவுக்குள் பணம் செலுத்தத் தவறினால் 180 பவுண்டு அபராதம். 14 நாள்களுக்குள் செலுத்தினால் இது பாதியாகக் குறையும். நிறுத்தி வைக்கப்பட்ட வாகனத்துக்குக் கட்டணமில்லை. மாநகரைச் சுற்றிச் செல்லும் எம்-25 நெடுஞ்சாலையிலும் யூலெஸ் பொருந்தாது.

விலக்கு யாருக்கு?

தயாரிக்கப்பட்டு 40 ஆண்டுகள் நிறைவடைந்து, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வாகனங்களை 'வரலாற்று வாகனம்' எனப் பதிவு செய்துகொள்ளலாம். அவற்றுக்குச் சாலை வரியும் யூலெஸ் கட்டணமும் இல்லை. இத்தகைய வாகனங்கள் எண்ணிக்கையில் குறைவு. அரிதாகவே சாலைக்கு வருபவை என்பதே இச்சலுகைக்கான அடிப்படை.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை

டிஃபெண்டரின் மேற்கூட்டின் பெரும்பகுதி அலுமினியத்தால் ஆனது. அடிச்சட்டமோ எஃகால் ஆனது. குளிர்காலத்தில் பிரிட்டன் சாலைகளில் தூவப்படும் உப்பு, அச்சட்டத்தை, குறிப்பாகப் பின்புறக் குறுக்குச் சட்டத்தை, அரித்துவிடும். வெளித்தோற்றம் பளபளப்பாக இருப்பினும் அடிப்பகுதியைச் சோதிக்காமல் வாங்குவது இழப்பில் முடியலாம். மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களுக்கு 'எம்.ஓ.டி' எனப்படும் வருடாந்திர தகுதிச் சோதனை கட்டாயம். ஆலையில் பொருத்தப்பட்ட புகைத்துகள் வடிகட்டியை அகற்றிய டீசல் வாகனங்கள், 2014 முதல் இச்சோதனையில் தகுதி இழக்கின்றன.

எதிர்ப்பும் காரணமும்

வெளிவட்டப் பகுதிகளுக்குத் திட்டம் விரிவாக்கப்பட்டபோது, பொதுப் போக்குவரத்து குறைந்த இடங்களில் வசிப்போரும் சிறு தொழில் செய்வோரும் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். புதிய வாகனம் வாங்க இயலாதவர்கள் மீதே சுமை விழுகிறது என்பது அவர்களது வாதம்.

மறுபுறம், தென்கிழக்கு லண்டனில் நெரிசல் மிக்க சவுத் சர்க்குலர் சாலை அருகே வசித்த 9 வயதுச் சிறுமி எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா, கடும் ஆஸ்துமாவால் 2013-ல் உயிரிழந்தார். அவரது மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பிரிட்டனில் இத்தகைய தீர்ப்பு அதுவே முதன்முறை.

உரிமையாளர் முன்னுள்ள வழிகள்

பழைய வாகனத்தைக் கைவிடும் லண்டன்வாசிகளுக்குக் காருக்கு 2,000 பவுண்டு வழங்கிய திட்டம், 2024 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களை நிறுத்திக்கொண்டது. கரடுமுரடான பாதைகளுக்கு ஏற்ற வாகனங்களை உடைக்காமல் உக்ரைனுக்கு நன்கொடையாக அளிக்கவும் அவ்வாண்டு மார்ச் முதல் அதில் இடமளிக்கப்பட்டது. தற்போது எஞ்சியுள்ளவை: கட்டணம் செலுத்தி ஓட்டுதல், மண்டலத்துக்கு வெளியே விற்றல், மின்சார வாகனமாக மாற்றுதல், அல்லது சாலையில் இயக்குவதில்லை என அரசுக்கு அறிவித்துத் தனியார் இடத்தில் நிறுத்தி வைத்தல்.

டெல்லியில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களுக்கான தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அது குறித்த சட்டப் போராட்டம் பின்னரும் தொடர்ந்தது. அத்தடை வாகனத்தின் வயதை அளவுகோலாகக் கொண்டது. லண்டனில் புகையின் தரநிலையே அளவுகோல். எனவே அங்கு பழைய டீசல் வாகனம் வாங்க எண்ணுவோர், பதிவு எண்ணை லண்டன் போக்குவரத்து ஆணையத்தின் இணையதளத்தில் முதலில் சரிபார்ப்பது அவசியம்.