கடலோரக் கால்பந்து – 14: பந்து தெரியாத கணக்குப்பிள்ளை

சென்ற வாரம் தூத்தூர் வட்டாரத்துக் கால்பந்துப் போட்டிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இராஜாக்கமங்கலம் துறையிலிருந்து ஒருவர் போன் செய்தார். பந்து ஆடி வளர்ந்தவர், இப்போது வள்ளத்தில் கடலுக்குப் போகிறார். "அண்ணே, நம்ம கரையில இத்தன பயக்க வெளையாடுதானுவ. இதுல எவன எடுத்தா தேறுவான்னு அந்தக் கிளப்புக்காரனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடி உலகம் இதுவரை செலவழித்த பணத்தில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை தூண்டில் வளைவு கட்டிவிடலாம். ஆனால் அந்தத் தேடலின் நடுவில் ஓர் இந்தியர் நிற்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்த வாரம் அவர் கதை.

நம் ஊர்ப் பிள்ளைகள் கட்சி பிரிக்க உத்தி கட்டுவார்கள். ஏறக்குறைய ஒரே திறமையுள்ள இருவர் தோளில் கைபோட்டுத் தள்ளிப்போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, "சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?" என்று தலைவனிடம் கேட்பார்கள். சூரியன் யார், சந்திரன் யார் என்று தலைவனுக்குத் தெரியாது. கெட்டிக்காரர்களையெல்லாம் ஒருவனே வளைத்துப்போட முடியாமல் செய்கிற ஏற்பாடு அது. 1935-ல் அமெரிக்காவில் பெர்ட் பெல் என்பவருக்கு வந்த தலைவலியும் இதேதான். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி அவருடையது. தோற்றுக்கொண்டே இருந்தது. கல்லூரிகளில் நன்றாக ஆடும் பையன்களைப் பணக்கார அணிகள் கூடுதல் விலை கொடுத்துக் கொத்திக்கொண்டு போயின. தோற்றவனுக்கு நல்ல ஆள் கிடைப்பதில்லை, நல்ல ஆள் கிடைக்காததால் மறுபடி தோல்வி. எல்லா அணிகளும் வரிசையில் வந்து ஆள் எடுக்கட்டும், கடைசி இடத்தில் இருப்பவனுக்கு முதல் வாய்ப்பு என்றார் பெல். மற்ற முதலாளிகளும் ஒப்புக்கொண்டார்கள். இந்த வரிசைத் தேர்வுக்குத்தான் டிராஃப்ட் என்று பெயர்.

அங்கே ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, எதிரே வருகிறவனை இடித்துத் தள்ளும் ஆட்டம். ஆட்டம் வேறு என்றாலும் ஆள் எடுக்கிற சிக்கல் ஒன்றுதான்.

1936 பிப்ரவரி 8-ந் தேதி பிலடெல்பியாவில் ஒரு ஓட்டல் அறையில் 9 அணிக்காரர்கள் கூடினார்கள். கரும்பலகையில் 90 பெயர்கள். ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரனைப் பார்த்து வரும் உளவாளிகள் அப்போது கிடையாது. பத்திரிகையில் படித்தது, நண்பர் சொன்னது, கல்லூரிப் பயிற்சியாளர் எழுதியது, இவ்வளவுதான் ஆதாரம். முதல் வாய்ப்பு பெல்லுக்கு. அவர் எடுத்தது சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். முந்தைய ஆண்டு நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று பரிசு வாங்கியவர், யாரும் குறை சொல்ல முடியாத தேர்வு. அவரோ சம்பளம் படியாமல் தொழில்முறை ஆட்டத்துக்கே வரவில்லை. அந்த முதல் டிராஃப்டின் முதல் தேர்வே ஒரு நாள்கூட ஆடவில்லை. ஆருடம் இப்படித்தான் தொடங்கியது.

அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகளில் அணிகள் உளவாளிகளை வைத்துக்கொண்டன. வேறு வம்பு வந்தது. ஒருவர் "மிக நல்ல ஆட்டக்காரன்" என்று எழுதுவார். இன்னொருவர் "பரவாயில்லை" என்று எழுதுவார். எழுதியவரின் கை தாராளமா கஞ்சமா என்பது தெரியாமல் அந்த இரண்டு சொல்லையும் எப்படி ஒப்பிடுவது? நம் பள்ளிக்கூடங்களில் ஒரு வாத்தியார் போடும் 60 மார்க்கும் இன்னொருவர் போடும் 60 மார்க்கும் ஒன்றில்லை என்று பத்தாம் வகுப்புப் பையனுக்கே தெரியும்.

1960-ல் டாலஸ் கவ்பாய்ஸ் என்று ஒரு புது அணி உண்டாயிற்று. முதல் ஆண்டு 12 ஆட்டத்தில் 11 தோல்வி, ஒன்று சமன், வெற்றி பூஜ்யம். அதன் நிர்வாகி டெக்ஸ் ஷ்ராம். முன்பு தொலைக்காட்சியில் இருந்தவர். 1960-ல் ஸ்குவா பள்ளத்தாக்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஐ.பி.எம். கம்ப்யூட்டர்கள் போட்டி முடிவுகளை நொடியில் கூட்டிக் கழித்துத் தந்ததைப் பார்த்திருந்தார். ஆள் எடுப்பதற்கும் இது உதவாதா என்ற யோசனை அவரை விடவில்லை. 1962-ல் ஐ.பி.எம்.மின் துணை நிறுவனமான சர்வீஸ் பீரோ கார்ப்பரேஷனை அணுகினார். அவர்கள் இந்த வேலையை ஒப்படைத்தது சலாம் குரேஷி என்ற புள்ளியியலாளரிடம். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா போனவர். கிரிக்கெட் தெரியும், நம் கால்பந்து தெரியும். அந்த முட்டைப் பந்து ஆட்டத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது.

பந்து தெரியாத கணக்குப்பிள்ளை ஒரு பக்கம், கம்ப்யூட்டர் தெரியாத பயிற்சியாளர்கள் மறுபக்கம். நடுவில் ஷ்ராம். முதல் சில கூட்டங்களில் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கவில்லை. என் கருத்தில், குரேஷிக்குப் பந்து தெரியாமல் இருந்ததே நல்லதாகப் போயிற்று. தெரிந்தவராக இருந்தால் "அவன் பிறவி ஆட்டக்காரன்" என்று ஒருவர் சொன்னதும் தலையாட்டியிருப்பார். தெரியாததால், "பிறவி ஆட்டக்காரன் என்றால் என்ன? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கவேண்டியிருந்தது.

பயிற்சியாளர்கள் சொன்ன குணங்களை எழுதிப் பார்த்தால் 300-ஐ ஒட்டி வந்தது. அதில் பல, ஒரே சங்கதியை வேறு வேறு வாயால் சொன்னது. சலித்துச் சலித்துக் கடைசியில் ஐந்தாக்கினார்கள்: நடத்தை, உடலை ஆளும் வேகம், விட்டுக்கொடுக்காத போட்டி மனம், புத்திக் கூர்மை, வெடித்துக் கிளம்பும் பலம். ஒவ்வொன்றுக்கும் உளவாளி கட்டுரை எழுதக்கூடாது. கொடுத்த வாசகம் அந்தப் பையனுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 9 வரை எண் போடவேண்டும். எல்லாரும் ஒரே படியால் அளந்ததால், எந்த உளவாளியின் கை தாராளம், எவர் கை இறுக்கம் என்பதும் தானாக வெளிப்பட்டது. இதைச் செய்துமுடிக்க ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் பிடித்தன.

படிவங்களை நிரப்பும் சேனையை நடத்தியவர் கில் பிராண்ட். அதற்குமுன் குழந்தைகளைப் படம் பிடிக்கும் போட்டோகிராபர். எந்தச் சின்னக் கல்லூரியானாலும் ஆளனுப்பிப் பார்க்கச் சொல்லுவார். கதையில் எல்லோரும் கம்ப்யூட்டரைத்தான் பேசுவார்கள், நான் பிராண்டைப் பேசுவேன். படிவம் வராவிட்டால் இயந்திரம் எதைக் கூட்டும்?

1964 இறுதியில் தேர்வுக்கு நின்ற கல்லூரிக்காரர்களில் ஜோ நாமத், டிக் பட்கஸ், கேல் சேயர்ஸ் ஆகியோர் கம்ப்யூட்டரின் பட்டியலில் மேலே நின்றார்கள். மூவருமே பின்னாளில் அந்த ஆட்டத்தின் மகா புருஷர்கள். கணக்கு சரி. ஆனால் ஒருவர்கூட டாலஸுக்குக் கிடைக்கவில்லை. பட்கஸையும் சேயர்ஸையும் டாலஸின் முறை வருமுன் சிகாகோ எடுத்துவிட்டது, நாமத் போட்டியாக நடந்த வேறொரு சங்கத்தின் அணிக்குப் போனார். பட்டியல் கையில் இருந்தாலும் வரிசை தப்பினால் ஒன்றும் செய்யமுடியாது. இருந்தும் 1966 முதல் 1985 வரை தொடர்ந்து 20 ஆண்டுகள் அந்த அணி தோல்வியைவிட வெற்றி அதிகம் பெற்றது. டாம் லாண்ட்ரி என்ற பயிற்சியாளருக்கும் அதில் பெரும் பங்குண்டு. முழுப் புகழையும் இயந்திரத்துக்குக் கொடுக்க நான் தயாரில்லை.

பிறகு எல்லா அணிகளும் கம்ப்யூட்டர் வாங்கின. ஆருடம் பலித்ததா? 2000-ல் டாம் பிரேடி என்பவரை 198 பேருக்குப் பிறகு எடுத்தார்கள். அவர் 7 முறை சூப்பர் பௌல் கிண்ணம் வென்ற அணிகளில் ஆடினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் பல ஆண்டுத் தேர்வுகளை ஆராய்ந்தார்கள். ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில், முதலில் எடுக்கப்பட்டவன் மேலாக ஆடுவதற்கான வாய்ப்பு 52 சதவீதம்தானாம். காசு சுண்டிப் போட்டால் 50.

சரி, நம் பக்கம் வருவோம். குரேஷியிடம் கணக்கு ஒப்படைக்கப்பட்ட அதே 1962-ல், செப்டம்பர் 4-ந் தேதி, ஜகார்த்தாவில் ஆசியப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டம். இந்திய அணியின் பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். அவரிடம் கம்ப்யூட்டரும் இல்லை, படிவமும் இல்லை. தடுப்பாட்டக்காரர் ஜர்னெயில் சிங்குக்கு முந்தைய ஆட்டமொன்றில் தலை பிளந்து தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரை முன்களத்தில் நிறுத்தினார். ஜர்னெயில் அரையிறுதியிலும் கோல் அடித்தார், இறுதியிலும் அடித்தார். தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கினோம். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், ஹைதராபாத் வட்டாரத்துத் தமிழர். பந்தைத் தடுக்கிறவராக அல்ல, அடிக்கிறவராகத் தொடங்கியவர். ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு ஆடியபோதுதான் சென்டர் ஃபார்வர்டு கோல்கீப்பர் ஆனார். அந்த அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பை வென்றது. தங்கராஜின் நெடிய உடம்பையும் கையையும் பார்த்து யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். தினமும் கூடவே இருந்து பார்த்தவர்களின் கண் அது.

அந்தக் காலத்தில் நம் மாநிலத்தில் ஆள் எடுப்பதென்றால் வேலை கொடுப்பது. ரயில்வே, வங்கி, துறைமுகம் என்று ஏதாவது ஒரு அலுவலக அணி. பையனின் வீட்டாரும் கோலைவிடச் சம்பளத் தேதியைத்தான் கேட்பார்கள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

டிராஃப்ட் என்ற முறை நம்மிடம் வந்தது 2014-ல், இந்தியன் சூப்பர் லீகோடு. மும்பையில் நடந்தது. 2015-ல் அதோடு 10 பேருக்கு ஏலமும் விட்டார்கள். சுனில் சேத்ரி 1.20 கோடிக்கு மும்பை அணிக்குப் போனார். 2017 ஜூலை 23-ல் நடந்ததுதான் பெரிய டிராஃப்ட். பட்டியலில் 205 பேர். புது அணியான ஜாம்ஷெட்பூருக்கு முதல் வாய்ப்பு. அவர்கள் எடுத்தது மலப்புறத்து அனஸ் எடத்தொடிகாவை, 1.10 கோடிக்கு. அமெரிக்காவில் கல்லூரியிலிருந்து வருகிற புதியவனை எடுக்கிறார்கள். இங்கே பட்டியலில் பெரும்பாலும் ஏற்கெனவே பெரிய கிளப்புகளில் ஆடிப் பெயர் வாங்கியவர்கள். யாரும் அறியாத ஒருவனைக் கண்டுபிடிக்கிற வேலையை அந்த மேடை செய்யவே இல்லை.

அந்த மேடையைச் சாராமல் போனவர்தான் நம் மைக்கேல் சூசைராஜ். குழித்துறைத் தாமிரபரணி கடலில் விழும் இடத்துக்கு மேற்கே, தூத்தூரை அடுத்த இரவிபுத்தன்துறைக்காரர். ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போகும் ஊர்கள் அவை. அண்ணன் மைக்கேல் ரெஜினும் கால்பந்துக்காரர். சூசைராஜ் சென்னை சிட்டி கிளப்புக்காக ஐ-லீகில் ஆடினார். 2018-ல் அவரை எடுத்தது அதே ஜாம்ஷெட்பூர். டிராஃப்ட் இல்லை, நேரடி ஒப்பந்தம். அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி. 2019-லேயே இந்திய அணியின் நீலச் சட்டை. 2020 மார்ச்சில் ஏ.டி.கே. லீக் கோப்பையை வென்றது. இடது ஓரத்தில் பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு போய், தடுக்க வருகிறவன் எடையை ஒரு காலில் மாற்றும் அந்தக் கணத்தில் உள்ளே வெட்டுவார். மணலில் ஆடிப் பழகியவர்களிடம் இந்த அடி அதிகம் பார்த்திருக்கிறேன். காய்ந்த மணலில் பந்து சரியாக உருளாது, காலைவிட்டுத் தள்ளிப்போட்டால் மறுபடி பிடிக்கமுடியாது.

2020 நவம்பர் 20-ந் தேதி, புதிய பருவத்தின் முதல் ஆட்டம். முதல் கால் மணி நேரத்துக்குள் முழங்காலில் அடிபட்டு வெளியே வந்தார். அந்தப் பருவம் முழுக்கப் போயிற்று. குரேஷியின் ஐந்து குணங்களில் முழங்கால் கிடையாது.

போன் செய்த தம்பிக்கு என் பதில் இதுதான். எவன் தேறுவான் என்று முழுதாக யாருக்கும் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள முயன்ற எல்லோரும் முதலில் ஒரு வேலை செய்தார்கள்: போய்ப் பார்த்தார்கள், பார்த்ததை எழுதிவைத்தார்கள். நம் கரையில் நடக்காதது அது. கடலில் உள்ள உயிர்களைப் படிக்க மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இராஜாக்கமங்கலத்தில் ஒரு மையமே வைத்திருக்கிறது. கரையில் ஆடுகிற பையன்களைப் பற்றி ஒரு நோட்டுப் புத்தகம் கிடையாது. போட்டி நடக்கிறது, கோப்பை கொடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். எந்தப் பையன் எந்த இடத்தில் ஆடினான், எத்தனை நிமிடம் நின்றான், என்ன வயது என்று அடுத்த வாரம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

பள்ளம், கேசவன்புத்தன்துறை, பொழிக்கரை, இராஜாக்கமங்கலம் துறை முதல் நீரோடி வரை போட்டி நடத்தும் கிளப்புக்காரர்கள் இந்த ஆண்டிலிருந்தாவது ஒரு பதிவேடு வையுங்கள். பழைய போட்டி நோட்டீஸ், அணிப் படம், ஆட்டக் குறிப்பு எதுவானாலும் வைத்திருப்பவர்கள் நகல் எடுத்து இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். படத்தின் பின்பக்கத்தில் ஆண்டையும் ஊரையும் மறக்காமல் எழுதுங்கள்.

(தொடரும்)