குழாயும் நாற்காலியும்

பதிவிசையின் வரலாறு கருவிகளின் வரிசையாகவே சொல்லப்படுகிறது: 78 சுழற்சி இசைத்தட்டு, 1948இல் எல்.பி., 1963இல் கேசட், 1982இல் குறுந்தகடு. கேட்டவர்கள் இந்த வரிசையில் இல்லை.

வேலூரை அடுத்த கணியம்பாடியில் எனக்குப் பதிவிசை என்றால் முதலில் திருவிழா மைக் செட்தான். குழாய் ஸ்பீக்கரில் பேஸ் எடுக்காது. வந்ததெல்லாம் குரலும் நாயனமும். ஆனா அந்தக் குரலுக்கு ஊர், காலனின்னு வித்தியாசம் தெரியாது. குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்தது ஊர். காற்று அதைக் கேட்கவில்லை.

பிறகு வீடுகளுக்கு டேப் ரிக்கார்டர் வந்தது. மண்பானைமேல் ஸ்பீக்கரைக் கவிழ்த்து பேஸ் கூட்டினார்கள். ஸ்டீரியோ செட்டில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) கேட்டபோதுதான் வயலின்களுக்கு அடியில் தனியே நடக்கும் பேஸ் எனக்குப் புலப்பட்டது. இந்த இன்பம் அசலானது. ஆனால் ஸ்டீரியோ இரண்டு பெட்டிகளுக்கும் சமதூரத்தில் இருப்பவருக்கே முழுசாக் கிடைக்கும்; கருவியே ஒற்றை நாற்காலியைப் போட்டுவிடுகிறது. அந்த நாற்காலிக்குச் சுவர் வேணும், கதவு வேணும், காசு வேணும். ‘துல்லியம்’ என்பதை அழகியல் அளவுகோலாக ஏற்கும்போது இவற்றையும் சேர்த்தே ஏற்கிறோம்.

மைக் செட்டின் இரைச்சலுக்காக நான் ஏங்கவில்லை. பொதுவில் நடந்த கேட்டல் தனிச்சொத்தானதையும் இசை வரலாறு கணக்கில் வைக்க வேண்டும் என்கிறேன்.