மருந்துக் கொம்பு

18ஆம் நூற்றாண்டின் வட அமெரிக்காவில், காட்டைத் திருத்திக் கழனியாக்கிக்கொண்டு மேற்கே நகர்ந்த குடியானவனின் நீண்ட ரைபிள், பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் போன்ற ஊர்களில், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய கைதேர்ந்த கம்மியர்கள் பட்டறையில் உருவானதாக இருக்கும். ஆனால் அதைச் சுடுவதற்கு வேண்டிய சில்லறை உபகரணங்கள் பலவற்றை அவனோ அவன் அண்டை வீட்டானோ கையால் செய்துகொள்வதே வழக்கமாயிருந்தது. அவற்றுள் பிரதானமானது, வெடிமருந்தை வைத்துக்கொள்ளும் மருந்துக் கொம்பு.

குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டுக் கெட்டிக்கும் அக்காலத் துப்பாக்கிக்கு ஈரமே முதற் சத்துரு; வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த மருந்து நனைந்துவிட்டால் பற்றாது. நீர் புகாததும், பொறி எழுப்பாததும், கனமில்லாததும், மாடு வளர்க்கும் வீட்டில் செலவின்றிக் கிடைப்பதுமான கொம்பே இதற்கு உகந்த கலமாயிற்று. கொம்பை வேகவைத்து உள்ளெலும்பைக் கழற்றியபின், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருக்கும் மருந்தின் மட்டம் நிழலாகத் தெரியுமளவுக்கு அதன் புறத்தைச் சுரண்டி மெலிதாக்குவார்கள். அகன்ற வாயைக் கொதிநீரில் இளக்கி, வட்டமான மரக்கட்டையை இறுகச் செருகினால், ஆறும்போது கொம்பு அந்த வட்டத்துக்கே படிந்துவிடும். பிறகு சுற்றிலும் சிற்றாணிகள் அடித்து, இடுக்குகளைத் தேன்மெழுகால் அடைப்பார்கள். கூர்முனையைச் சிறிது அறுத்தெறிந்து, அங்கே துளையிட்டு, செதுக்கிய மரத்தக்கையைப் பொருத்தினால் கொம்பு தயார்.

அதிலிருந்து நேரே குழலுக்குள் மருந்தைக் கொட்டுவது அபாயகரம். முந்திய வெடியின் கனல் அடியில் அணையாமல் கிடந்தால் கொம்பு முழுவதும் கையிலேயே வெடித்துவிடும். ஆகையால் ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தை மட்டும் கொள்ளும்படி மான்கொம்பின் நுனியைக் குடைந்து அளவையாக்கினார்கள். தோல்பையில் குண்டைச் சுற்றுவதற்குக் கொழுப்புத் தடவிய துணித்துண்டுகளும், மாற்றுச் சக்கிமுக்கிக் கற்களும், தீப்பொறி புகும் துளையில் கரி அடைத்துக்கொண்டால் குத்தியெடுக்க ஒரு கம்பியும் இருந்தன.

1754இல் தொடங்கிய ஆங்கிலேயர்-பிரெஞ்சுக்காரர் போரில் கொம்பு வேறொரு பதவியை அடைந்தது. நியூயார்க் பகுதியில் ஜார்ஜ் ஏரிக்கரையில் பாளையமிறங்கிய குடியேற்றப் படையினர், சண்டையில்லாமல் காத்திருந்த நாட்களில், கத்திமுனையால் கொம்பின்மேல் தம் பெயரையும், முகாமையும், ஆண்டையும், கோட்டைகளையும், ஹட்சன் நதியின் போக்கையும் கீறி, கீறலில் கருமை தேய்த்து விளங்கச் செய்தார்கள். அக்கலையில் பெயர் பெற்றவர்களுள் ஒருவர் மாசசூசெட்ஸ் படையின் கறுப்பினச் சிப்பாய் ஜான் புஷ்; 1757இல் வில்லியம் ஹென்றி கோட்டை வீழ்ந்தபோது அவர் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார்.

சுதந்திரம் பெற்ற அமெரிக்கா 1792இல் இயற்றிய காவற்படைச் சட்டம், ரைபிளோடு வருபவன் மருந்துக் கொம்பும், குண்டுப் பையும், 20 குண்டுகளும், கால் பவுண்டு மருந்தும் தானே தேடிக்கொண்டு வரவேண்டுமென்று விதித்தது. ஆயினும் வெள்ளையரை மட்டுமே அச்சட்டம் படைக்கு அழைத்ததால், ஜான் புஷ்ஷின் இனத்தாருக்கு அதில் இடமில்லாமற் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மருந்தும் குண்டும் ஒன்றாய் அடங்கிய உலோகத் தோட்டாக்கள் பரவியதும், கொம்பு பிரயோஜனமற்றுப் பரணுக்குப் போயிற்று. கனஜோஹாரி என்ற சிற்றூரின் பள்ளியாசிரியர் ரூஃபஸ் கிரைடர், அந்நூற்றாண்டின் இறுதியில், எஞ்சிய கொம்புகளைத் தேடிக் கண்டு, அவற்றின் சித்திரங்களை நூற்றுக்கணக்கில் நீர்வண்ணத்தில் பிரதி செய்தார். அவை இன்று நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. துப்பாக்கியில் பெயர் பொறிப்பவன் பெரும்பாலும் அதைச் செய்த கம்மியனே. அதைத் தோளில் சுமந்த சாமானியனின் பெயரை அறிய விரும்புகிறவர் கொம்பைத்தான் பார்க்கவேண்டும்.