சூலூர் மண்ணும் செகண்ட் ஹேண்ட் வண்டியும்



ஒவ்வொரு சந்திப்பிலும் கடைசி வருஷத்துப் பிள்ளைகள் என் போன்ற இன்ஜினீயர்களைப் பிடித்துக்கொண்டு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, வேலை கிடைச்சுருச்சுங்க. ரெண்டு லட்சத்துக்குள்ள ஒரு பழைய கார் வாங்கணும். ஓட்ட ஜாலியாவும் இருக்கணும், வழியில நிக்கவும் கூடாது. எதை வாங்கறதுங்க?" ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு நம் வட்டாரம் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பதில் சொல்லிக்கொண்டு வருகிறது. அந்தக் கதையைச் சொன்னால் பதில் தன்னால் வந்துவிடும்.

கலங்கல்காரர் வாங்கிய பழைய வண்டி

நம் சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. மின்சார மோட்டார் செய்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவர் வாழ்க்கையின் திருப்பமே ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டிதான் என்பது பலருக்கு ஞாபகம் இருக்காது. வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவரிடம் 1912-ஆம் வருஷத்து ரட்ஜ் மோட்டார் சைக்கிள் இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து நாயுடுவுக்கு வேறு நினைப்பில்லை. கோயமுத்தூரில் ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்து, 300 ரூபாய் சேர்த்து, அந்த அதிகாரியிடமே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றியதோடு நிற்கவில்லை. நட்டு போல்ட்டு முழுக்கக் கழற்றிப் போட்டு, மறுபடியும் பூட்டினார். மெக்கானிக் ஆனது அப்படித்தான். 1920-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அதுதான் பின்னாளில் யு.எம்.எஸ். என்று பேர் எடுத்த பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. கழற்றிப் பார்க்க முடிந்த வண்டி, கழற்றத் துணிந்த கை: கொங்கு நாட்டு மோட்டார் தொழிலின் விதை இந்த ரெண்டும்தான்.

காத்துக் கிடந்த காலம்

நம் அப்பா, தாத்தா காலத்தில் இந்தியாவில் கார் என்றால் மூன்றே மூன்று பேர்தான். உத்தரபாராவில் செய்த அம்பாசடர், பம்பாய் குர்லாவில் செய்த பியட் (இதுவே பிறகு பிரீமியர் பத்மினி ஆனது), நம் மெட்ராஸில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால், கையில் கிடைக்கும் பழைய பியட்டுக்குப் புதுக் காரின் விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்தவர்களும் உண்டு.

இந்தத் தட்டுப்பாடு நமக்கு ஒரு நன்மையும் செய்தது. வண்டியைத் தூக்கிப் போட முடியாது. ஆகவே ரிப்பேர் செய்தே தீர வேண்டும். கோவையில் ஏற்கெனவே பம்ப் செட்டுக்கும் மில் எந்திரத்துக்கும் பவுண்டரியும் லேத்தும் இருந்தன. கிடைக்காத பாகத்தை லேத்தில் போட்டுக் கடைந்தே கொடுத்துவிடுவார்கள்.

அந்த மூன்றில் ஜாலியான கார் ஹெரால்டுதான். பானெட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் அப்படியே மேலே தூக்கும். எஞ்சின் முழுசாகக் கண்முன்னே நிற்கும். குறுகிய சந்தில்கூட ஒரே வளைப்பில் திரும்பிவிடும். சென்னைக்கு வடக்கே சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில், நம்மூர் ஆட்கள் சீர்செய்த ஹெரால்டுகள் பாய்ந்த கதையைப் பெரியவர்களிடம் கேளுங்கள். அது வீட்டுக்கு வீடு நின்ற சாதாரணக் கார்தான்.

796 சி.சி. வந்தது

1983 டிசம்பர் 14-ஆம் தேதி பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். விலை சுமார் 47,500 ரூபாய். மூன்று சிலிண்டர், 796 சி.சி., சுமார் 37 குதிரைசக்தி. "இதென்னடா தீப்பெட்டி!" என்று சிரித்தவர்கள்தான் பிறகு வரிசையில் நின்றார்கள்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு, இன்ஜினீயர் புத்தி விடாதல்லவா! பத்மினிக்கு சுமார் 40 குதிரைசக்தி, எடை 900 கிலோவை ஒட்டி. டன்னுக்கு 45 குதிரை. மாருதியின் எடை சுமார் 650 கிலோ. டன்னுக்கு 57 குதிரை. சின்ன எஞ்சின்தான், ஆனால் இழுக்க வேண்டிய சுமை குறைவு. பிரேக்குக்கும் டயருக்கும் வேலை குறைவு; தேய்மானமும் குறைவு. ஓட்டும் சுகமும் நீடித்த உழைப்பும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அந்த இடம், எடைக் குறைவு.

இதை ஊருக்கே நிரூபித்துக் காட்டியவர் நம் கோவைக்காரர் எஸ். கரிவரதன். லட்சுமி மில் குடும்பத்தில் பிறந்து, சோழவரத்தில் பந்தயம் ஓட்டியவர். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க எல்லோராலும் முடியாது என்று தெரிந்து, 1980-களின் கடைசியில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை இங்கேயே உருவாக்கினார். பார்முலா மாருதி என்று பேர். அதன் எஞ்சினும் கியர்பாக்ஸும் மாருதி 800-உடையவை. அதாவது, டாக்டர் வீட்டு வாசலில் நின்ற காரின் உறுப்புகளே பந்தயத் தளத்திலும் ஓடின. கெட்டுப் போனால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே மாற்று கிடைக்கும். பின்னாளில், 2005-இல் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் ஓட்டுநரான நம்ம கோவை நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் பந்தயம் ஓட்டியது பார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995-இல் சிறு விமான விபத்தில் காலமானார். அவர் பெயரில் 2003-இல் செட்டிபாளையத்தில் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே நம் சூலூருக்கு எட்டிப் பிடிக்கும் தூரம்தான்.

இன்றைய கணக்கு

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆசைக்கு ஒன்று வாங்கி வைக்கலாம், தினம் வேலைக்குப் போக வேண்டாம் என்பேன். 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு 2025-இல் 10,000 ஆக உயர்ந்தது. பசுமை வரி தனி.

அதே கணக்கை இன்றைய சந்தையில் போட்டுப் பாருங்கள். 2010-இல் வந்த ஆல்டோ கே10: 998 சி.சி., சுமார் 67 குதிரை, சுமார் 760 கிலோ. டன்னுக்கு 88 குதிரை! அதே காலத்து 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விப்டும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான். விலை மட்டும் கூடுதல். கே10 எஞ்சினில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஸ்பேர் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும்.

இதே பணத்துக்குப் பன்னிரண்டு வயதான வெளிநாட்டுச் சொகுசுக் கார் பளபளவென்று நிற்கும். அதன் விலைதான் இறங்கியிருக்கும், உதிரிபாகத்தின் விலை இறங்கியிருக்காது. முதல் சம்பளக்காரப் பிள்ளைகள் அதை வாங்கிவிட்டு, சஸ்பென்ஷன் மாற்ற அம்மாவின் வளையலை அடகு வைத்த கதை நம் வட்டாரத்தில் உண்டு. அந்தப் பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு உண்மையையும் மறைக்கக் கூடாது. எடை குறைந்த பழைய கார்களில் பாதுகாப்பு குறைவு. புதுக் கார்களில் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலும், ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையிலும்தான் கட்டாயமாயின. திருச்சி ரோட்டில் தினமும் லாரிகளுக்கு நடுவே போகிறவர்கள், இன்னும் ஆறு மாதம் பணம் சேர்த்து அதற்குப் பிந்தைய கார் வாங்குவது நல்லது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

எஞ்சின் சூடாவதற்கு முன் போய்ப் பாருங்கள். ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், "நாளைக்குக் காலைல வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கட் சந்தேகம். கதவுக்குக் கீழே துரு இருக்கிறதா, பானெட் போல்ட்டுகளில் பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், காரணம் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் அது செய்த வாரமும் வருஷமும். மேடேறும்போது எஞ்சின் இரைந்தும் வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் போயிற்று.

பிறகு காகிதம். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். கடன் இருந்தால் அதை நீக்கிய சான்று வேண்டும். 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றிய பிறகே வண்டி உங்களுடையது. காருக்கென்று வைத்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். டயர், பேட்டரி, பெல்ட், ஆயில் எல்லாம் முதல் மாதமே கேட்கும்.

கடைசியாக ஒன்று. வாங்கிய காரை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள், தம்பிகளே. பக்கத்தில் நின்று பாருங்கள், ஸ்பானரை எடுத்துக் கொடுங்கள், கேள்வி கேளுங்கள். ஒரு வருஷத்தில் உங்கள் வண்டியின் சத்தமே உங்களுக்குப் பாஷை ஆகிவிடும்.

நல்ல வண்டி அமையட்டும். சீட் பெல்ட் போட்டுக்கொண்டு அடுத்த சந்திப்புக்கு அதிலேயே வந்து சேருங்கள்!