ஜன்னல் துடைக்க ஆள் கூப்பிடுறீங்களா? கூலி பேசுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஆடி மாசம் கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு பக்கம் இருக்கிறவங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில துடைச்ச ஜன்னல் கண்ணாடியில சாயந்திரம் விரலால பேர் எழுதலாம். கயத்தாறு காற்றாலைகளைச் சுத்த வைக்கிற அதே மேற்குக் காற்றுதான், கரிசல் புழுதியை உங்க வீட்டு ஹாலுக்கும் கொண்டு வருது.

முன்னாடி மரக்கதவு ஜன்னல். ஒரு தட்டு தட்டினா வேலை முடிஞ்சது. இப்போ மாடி வீடு, ஸ்லைடிங் கண்ணாடி, கொசுவலை, கிரில். பண்டிகைக்கு முன்னாடி 'ஒரு ஆளைக் கூப்பிட்டு மொத்தமாத் துடைச்சிடலாம்'னு தோணுறது நியாயம்தான். யாரைக் கூப்பிடலாம், எவ்வளவு கொடுக்கலாம், அவரை எங்கே ஏறச் சொல்லக் கூடாது? ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

யாரைக் கூப்பிடலாம்?

சென்னை மாதிரி பெரிய ஊர்கள்ல ஆப்பில் புக் பண்ணினா ஆள் வந்துடுவாங்க. சின்ன ஊர்கள்ல ஜன்னலுக்குன்னே தனியா ஆள் கிடைக்கிறது அபூர்வம். பெரும்பாலும் ரெண்டு பேர்தான் செய்றாங்க.

ஒண்ணு, உங்க வீட்டுல ஏற்கெனவே வேலை செய்ற அக்கா. அவங்ககிட்ட கேட்கிறதா இருந்தா, இது மாதச் சம்பளத்துல சேராத வேலைங்கிறதை முதல்லயே சொல்லிடுங்க. 'இதையும் ஒரு கை பார்த்துடுங்கக்கா'ன்னு சொல்லி மூணு மணி நேர வேலையை வாங்குறது சரியில்லை.

இன்னொண்ணு, பெயின்டர். ஏணி அவர்கிட்டயே இருக்கும், உயரத்துல நின்னு பழக்கமும் இருக்கும். ஆனா பொங்கலுக்கு முன்னாடி வெள்ளையடிக்கிற சீசன்ல அவர் கிடைக்க மாட்டார். கிடைச்சாலும் கூலி கூடும்.

எப்போ செய்யலாம்?

வருஷத்துக்கு ரெண்டு தடவை போதும். மேற்குக் காற்று அடங்கின பிறகு, தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ஞ்சதும் பொங்கலுக்கு முன்னாடி ஒரு தடவை. காற்று காலத்துல காசு கொடுத்துத் துடைச்சா ரெண்டு நாள்கூடத் தாங்காது.

கரிசல் புழுதிக்கு ஒரு தனி முறை

கரிசல் மண்ணுல களி அதிகம். ஈரம் பட்டா உப்பி ஒட்டிக்கும், காய்ஞ்சா வெடிக்கும். புழுதி படிஞ்ச கண்ணாடியில எடுத்ததுமே ஈரத்துணியைப் போட்டா, தூசு சேறா மாறி மூலையெல்லாம் அப்பிக்கும். காய்ஞ்ச துணியால அழுத்தித் தேய்ச்சாலும் தப்பு, அதுல இருக்கிற மணல் கண்ணாடியில கீறல் போட்டுடும். அதனால வரிசை இப்படி இருக்கட்டும்:

• முதல்ல கொசுவலையைக் கழற்றித் தட்டணும். கம்பியையும் ஸ்லைடிங் ஓடுற பள்ளத்தையும் காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுக்கணும்.

• அப்புறம் வாளித் தண்ணியில கொஞ்சமா பாத்திரம் கழுவுற திரவம் கலந்து, பனியன் துணியால அழுத்தாமத் துடைக்கணும்.

• மேலிருந்து கீழா வைப்பரால இழுக்கணும். ரப்பர் பட்டையை ஒவ்வொரு இழுப்புக்கும் துடைச்சுக்கணும். 1936-ல் அமெரிக்காவுல எட்டோரே ஸ்டெக்கோனே என்பவர் காப்புரிமை வாங்கின வைப்பர் வடிவம்தான் இன்னிக்கு வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு.

• கடைசித் தண்ணி நல்ல தண்ணியா இருக்கட்டும். உப்புத்தண்ணியில முடிச்சா, காய்ஞ்சதும் வெள்ளை வெள்ளையாத் திட்டு நிக்கும். நல்ல தண்ணிக்குத் தட்டுப்பாடா? முதல் கழுவலுக்கு போர் தண்ணி, கடைசிக்கு மட்டும் அரை வாளி நல்ல தண்ணி போதும்.

ஏற்கெனவே படிஞ்ச உப்புக்கறைக்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடவி அஞ்சு நிமிஷம் விட்டுத் துடைங்க. பாத்ரூம் ஆசிட்டைக் கொடுத்து 'இதுல துடைங்க'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அலுமினிய ஃபிரேம் அரிச்சுப் போயிடும். அதோட பிளீச்சிங் பவுடர் சேர்ந்தா வர்ற குளோரின் வாயு, துடைக்கிறவரோட நுரையீரலைப் பாதிக்கும்.

சரி, எவ்வளவு கொடுக்கலாம்?

'ஒரு ஜன்னலுக்கு இவ்வளவு'ன்னு பேசத்தான் பலருக்கும் தோணும். கோவில்பட்டிக்காரங்களுக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. தீப்பெட்டி வேலையில எண்ணிக்கைக்குத்தான் கூலின்னு பார்த்து வளர்ந்த ஊர் இது. எண்ணிக்கைக்குக் கூலின்னா கை வேகமா ஓடும். உட்கார்ந்து செய்ற வேலையில அது அசதியோட போகும். ஏணி மேல நிக்கிறவருக்கு அந்த வேகம்தான் ஆபத்து. அதனால நேரத்துக்குக் கூலி பேசுங்க.

கணக்கு ரொம்ப சுலபம். கம்பி, கொசுவலை, கண்ணாடி எல்லாம் சேர்த்து ஒரு ஜன்னலுக்கு 20 நிமிஷம் வைங்க. 8 ஜன்னல்னா 160 நிமிஷம். தண்ணி தூக்க, ஏணி நகர்த்த, டீ குடிக்க இன்னொரு மணி நேரம். ஆகமொத்தம் நாலு மணி நேரத்துக்குள்ள, அதாவது அரை நாள்.

அடுத்து, உங்க தெருவுல பெயின்டருக்கு ஒரு நாள் கூலி என்னன்னு விசாரிங்க. உதாரணத்துக்கு 800 ரூபாய்னு வைச்சுக்குவோம். அரை நாளுக்கு 400. ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சாலும் அரை நாள் கூலிக்குக் குறைக்காதீங்க. உங்க வீட்டுக்கு வந்ததால அந்தக் காலைப்பொழுதுல அவர் வேற வேலைக்குப் போக முடியலையே!

ஒப்பிட்டுப் பார்க்க ரெண்டு எண். வீட்டு வேலைக்குத் தமிழ்நாடு அரசு 2018-ல் அறிவிச்ச குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாய். 100 நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுல 2025-26-க்கான ஒரு நாள் கூலி 336 ரூபாய். முதல் எண் இதுக்குக் கீழ போகக் கூடாதுன்னு அரசு போட்ட கோடு. அதையே காட்டிப் பேரம் பேசாதீங்க.

இன்னொரு விஷயம். பெயின்டர் அண்ணனுக்கு 400, அதே வேலையை அதே நேரம் செஞ்ச அக்காவுக்கு 200 கொடுக்கிறது பல வீடுகள்ல நடக்குது. சம வேலைக்குச் சம ஊதியம்னு நாட்டுல 1976-லேயே சட்டம் வந்தாச்சு.

எங்கே ஏறச் சொல்லக் கூடாது?

இதுதான் ரொம்ப முக்கியம். மாடி ஜன்னலோட வெளிப்பக்கத்தைத் துடைக்க, கீழ் ஜன்னலுக்கு மேல இருக்கிற சன்ஷேடுல இறங்கி நிக்கச் சொல்றதைப் பார்த்திருப்பீங்க. சன்ஷேடு மழைக்கும் வெயிலுக்கும் கட்டினது. பிடிச்சுக்க எதுவும் கிடையாது, பாசி இருந்தா வழுக்கும், பழைய வீடுன்னா உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கும். அவரே 'பரவாயில்லைங்க, நான் நிப்பேன்'னு சொன்னாலும் வேண்டாம்னு சொல்லுங்க. கூலி போயிடுமோங்கிற பயத்துலயும் அப்படிச் சொல்லலாம்.

இங்கிலாந்துல 2005-ல் வந்த உயரப் பணி விதிகளோட முதல் பாடமே, உயரத்துல ஏறாம முடிக்க வழியிருந்தா ஏறாதேங்கிறதுதான். அங்கே பல பேர் தரையில நின்னபடியே, உப்பு நீக்கின தண்ணி பாயுற நீளக் கம்பு பிரஷ்ஷால மாடிக் கண்ணாடியைக் கழுவுறாங்க. நம்ம வீட்டுக்கு இப்படிச் செய்யலாம்:

• ஸ்லைடிங் கண்ணாடியா? உள்பக்கமிருந்தே கழற்ற முடியுமான்னு பாருங்க. பல மாடல்ல முடியும். தரையில வைச்சுத் துடைக்கலாம்.

• கழற்ற முடியலைன்னா, உள்ளே நின்னு கை எட்டுற வரைக்கும் போதும். எட்டாத இடத்துல தூசு இருந்துட்டுப் போகட்டும்.

• பக்கத்துல மின்கம்பி போகுதா? அந்தப் பக்கம் அலுமினிய ஏணியும் இரும்புக் கம்பும் கூடவே கூடாது. கம்பி கைக்கெட்டுற தூரத்துல இருந்தா, ஜன்னலை விடுங்க. மின்வாரியத்தோட மின்னகம் எண் 94987 94987-க்கு முதல்ல சொல்லுங்க.

• ஏணி போட்டா, கீழே ஒருத்தர் பிடிச்சுக்கணும். அந்த ஒருத்தர் நீங்களா இருங்க. போனை உள்ளே வைச்சுட்டு வாங்க!

20 ரூபாய் விஷயம்

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா விபத்துக் காப்பீட்டுக்கு வருஷ பிரீமியம் 20 ரூபாய்தான். வங்கிக் கணக்கு இருக்கிற 18 முதல் 70 வயசு வரைக்கும் உள்ளவங்க சேரலாம். விபத்துல உயிரிழந்தா குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். உங்க வீட்டுல வழக்கமா வேலை செய்றவங்க சேர்ந்திருக்காங்களான்னு கேளுங்க. இல்லைன்னா பேங்க்ல ஃபாரம் வாங்கி நிரப்பிக் கொடுங்க. வீட்டுப் பணியாளர்களுக்குன்னு 2007-ல் அமைச்ச தமிழ்நாடு நல வாரியமும் இருக்கு. அதுல பதிவு பண்ணவும் உங்க போன் உதவும்.

வேலை முடிஞ்சதும் கூலியை அன்னிக்கே, அங்கேயே கொடுத்துடுங்க. 'ஜிபே பண்றேன்'னு சொல்லி மறந்துடாதீங்க. டீ கொடுக்கிறப்போ நீங்க குடிக்கிற அதே டம்ளர்ல கொடுங்க. அடுத்த தடவை கூப்பிட்டா, கண்டிப்பா வருவாங்க.