பெரிய சரக்குந்துகளின் சந்திப்புத் திருப்பம்

நீளமான சரக்குந்து (லாரி) ஒன்று சாலைச் சந்திப்பில் திரும்பும்போது, அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்திலேயே செல்வதில்லை. அவை வளைவின் உட்புறமாக விலகிச் செல்கின்றன. இது இக்கட்டுரையில் உள்விலகல் எனக் குறிக்கப்படுகிறது. மிதிவண்டியிலும் மகிழுந்திலும் உள்விலகல் உண்டு. ஆனால் அளவு சிறிது என்பதால் எவரும் கவனிப்பதில்லை. சரக்குந்தில் இது மீட்டர்க் கணக்கில் அமைகிறது. சந்திப்பு முனையில் நிற்கும் பாதசாரிக்கும் மிதிவண்டியோட்டிக்கும் இதுவே முதன்மையான ஆபத்தாகும்.

கணித விளக்கம்

மெதுவாகத் திரும்பும் வண்டியில் உள்விலகலைப் பித்தேகோரசு தேற்றத்தைக் கொண்டு கணக்கிடலாம். முன் அச்சின் நடுப்புள்ளி செல்லும் வட்டத்தின் ஆரத்தை வர்க்கப்படுத்தி, அதிலிருந்து முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்தின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் கண்டால் பின் அச்சு செல்லும் வட்டத்தின் ஆரம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, அச்சிடைத் தூரம் 6 மீட்டர் உள்ள லாரியின் முன் அச்சு 12 மீட்டர் ஆரத்தில் சுற்றினால், பின் அச்சின் ஆரம் ஏறத்தாழ 10.4 மீட்டர் ஆகும். அதாவது உள்விலகல் 1.6 மீட்டர். இழுவை வண்டியும் டிரெய்லரும் இணைந்த தொடர் வண்டியில் இரு பகுதிகளின் வர்க்கங்களையும் கழிக்க வேண்டும். இழுவை வண்டியின் அச்சிடைத் தூரம் 3.8 மீட்டர், இணைப்பூசியிலிருந்து டிரெய்லர் அச்சு வரை 8 மீட்டர் எனவும், இணைப்பூசி இழுவை வண்டியின் பின் அச்சுக்கு நேர் மேலே உள்ளது எனவும் கொண்டால், கடைசி அச்சின் ஆரம் 8.1 மீட்டராகக் குறைகிறது, உள்விலகல் 3.9 மீட்டர். இது முழு வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் வண்டிக்கு உரிய உச்ச அளவு. செங்கோணச் சந்திப்பில் அந்த நிலையை எட்டுமுன் திருப்பம் முடிந்துவிடுவதால் விலகல் சற்றுக் குறைவாக இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996ஆம் ஆண்டு நெறியுரையின்படி, வண்டியானது 12.5 மீட்டர் வெளி ஆரமும் 5.3 மீட்டர் உள் ஆரமும் கொண்ட வளையத்துக்குள் சுற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அவ்வளையத்தின் அகலம் 7.2 மீட்டர். வண்டியின் அகலமோ பொதுவாக 2.55 மீட்டர்தான். திரும்பும் வண்டிக்குச் சாலையில் எவ்வளவு இடம் தேவைப்படலாம் என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

திருப்பும் முறை

வாகனங்கள் வலப்புறமாகச் செல்லும் ஐக்கிய அமெரிக்காவில், வலத் திருப்பமே குறுகிய திருப்பம். அங்குள்ள வணிக ஓட்டுநர் உரிமத்திற்கான கையேடு, திரும்பத் தொடங்கும்போதே இடப்புறமாக அகன்று செல்லக் கூடாது என்கிறது. அவ்வாறு சென்றால், வண்டி இடப்பக்கம் திரும்பப் போவதாக எண்ணிப் பின்னால் வருபவர் வலப்பக்க இடைவெளியில் நுழைந்துவிடுவார். டிரெய்லரின் பின்சக்கரங்கள் அந்த இடைவெளியின் மேல்தான் வரும். ஆகவே வண்டியின் பின்பகுதியைச் சாலையோரத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, நேராகச் சற்று முன்னே சென்று, திருப்பத்தை முடிக்கும்போது அகல வேண்டும். எதிர்வரும் வண்டிகளின் தடத்தில் நுழைய நேர்ந்தால் அவை கடந்து செல்லவோ நிற்கவோ இடம் விட வேண்டும். அவற்றுக்காகப் பின்னோக்கி நகரக் கூடாது.

இடத் திருப்பத்தில் சந்திப்பின் நடுவை அடைந்த பின்னரே திருப்பத் தொடங்க வேண்டும். இடத் திருப்பத்துக்கு இரு தடங்கள் இருப்பின், வலப்பக்கத் தடமே ஏற்றது. இந்தியா, இலங்கை, பிரித்தானியா போன்ற நாடுகளில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்வதால், இவ்விதிகளை இட வல மாற்றிக் கொள்ளல் வேண்டும்.

பின் அச்சுக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதி திருப்பத்தின் எதிர்ப்பக்கமாக வெளியே வீசும். இரும்புக் கம்பி போன்றவை பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லாரிகளில் இவ்வீச்சு மிகுதி. ஓட்டுநர் உட்புறக் கண்ணாடியை மட்டும் பார்த்திருந்தால் இது தெரியாமல் போகும்.

காணாப் பகுதியும் லண்டன் விதிகளும்

உயரமான இருக்கையில் இருக்கும் ஓட்டுநருக்கு வண்டியின் முன்னே நெருங்கி நிற்பவரும் உதவியாளர் பக்கக் கதவின் கீழே நிற்பவரும் நேராகத் தெரிவதில்லை. சமிக்ஞையில் நிற்கும் லாரியின் இடப்பக்கமாக மிதிவண்டி முன்னேறி வந்து நிற்க, பச்சை விளக்கு எரிந்ததும் லாரி இடப்பக்கம் திரும்புவது லண்டனில் உயிரிழப்புகளுக்குக் காரணமான சூழல்களுள் ஒன்று. இங்கு ஓட்டுநர் விதிமீறல் ஏதும் செய்யாமலும் இறப்பு நேரக்கூடும் என்பது குறிப்பிடத்தக்கது.

2015 செப்டம்பர் 1 முதல், லண்டனில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குப் பக்கக் காப்புச் சட்டங்களும், அருகிலும் முன்னாலும் உள்ள இடத்தைக் காட்டும் கண்ணாடிகளும் கட்டாயமாக்கப்பட்டன. ஆனால் ஓட்டுநர் ஒரே நேரத்தில் எல்லாக் கண்ணாடிகளையும் பார்க்க இயலாது. எனவே சாளரத்தின் வழியே நேராகக் காணக்கூடிய அளவைக் கொண்டு, 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளைச் சுழியம் முதல் ஐந்து விண்மீன்கள் வரை தரப்படுத்தும் விதி வகுக்கப்பட்டது. இது 2021 மார்ச்சு 1 முதல் செயற்படுத்தப்படுகிறது. தேவையான குறைந்த அளவு 2024 அக்டோபர் 28 அன்று ஒரு விண்மீனிலிருந்து மூன்றாக உயர்த்தப்பட்டது. அதற்குக் கீழ்ப்பட்ட லாரிகள், அருகில் உள்ளோரை உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவிகள் முதலியவற்றைப் பொருத்தினால் மட்டுமே அனுமதி பெறும்.