இசைவாணை

இசைவு, ஆணை இரண்டும் சேர்ந்த சொல். 'இசை' என்ற தமிழ் வினைக்குப் பொருந்துதல், உடன்படுதல் என்று பொருள். ஆணை, வடமொழி 'ஆஜ்ஞா' பிராகிருதம் வழியாகத் தமிழுக்கு வந்த வடிவம். 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, கழிவுநீர் வெளியேற்றும் ஆலைக்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் சம்மதம் இது. கழிவை எந்த இடத்தில் விடலாம், எவ்வளவு, எந்த வெப்பத்தில் என்பதுவரை நிபந்தனை போடலாம். வெறும் இசைவாக நில்லாமல் ஆணையும் ஆவது அதனால்தான்.

குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக்கு இந்தச் சொல் மிக வேண்டியது. ரப்பர் பாலை உறையவைத்த அமில நீர் ஓடையில் இறங்கினால் ஒரு குளத்தோடு நிற்காது. மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்கும் வயலுக்கும் போய்விடும். இங்குள்ள சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. அந்தப் பெருமையைக் காக்க, மேலே ஓடும் தண்ணீரையும் கவனித்தாக வேண்டும்.

இதை ஒத்த ஏற்பாடு வெளிநாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் நீர்நிலையில் கழிவு சேரும் பணிக்குக் கூட்டரசு அனுமதி தருமுன் மாநிலம் நீர்த்தரச் சான்று வழங்க வேண்டும், அல்லது அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். இங்கோ, மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி கையில் இருந்தாலும் ஆலையை இயக்க இசைவாணை தனியே வேண்டும். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைக்கு அதைப் புதுப்பிக்க வாரியம் மறுத்தது 2018 ஏப்ரலில்.